பதில் வராத ஒரு வரி

தொண்ணூறுகளின் கடைசியில் பாளையங்கோட்டையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் ஆபரேட்டராக இருந்தேன். முதலாளியின் மகனுக்குக் காது கேட்காது. அப்படிப்பட்ட பிள்ளைகளின் பெற்றோருக்காக அவர் ஓர் இமெயில் குழு நடத்திவந்தார். ஒருவர் எழுதினால் சிங்கப்பூர், துபாய், கோவை என்று எல்லாருக்கும் போகும். மாதக்கணக்கில் ஒரே விவாதம்: பிள்ளைக்கு உதட்டசைவைப் பார்த்துப் பேசப் பழக்குவதா, சைகை மொழி கற்றுக்கொடுப்பதா?

புதிதாகச் சேருகிறவர்கள் பேசி முடித்ததையே திரும்பக் கேட்பார்கள். பழைய ஆட்கள் எரிந்து விழுவார்கள்.

"பழச எல்லாம் ஒரே பக்கத்துல சுருக்கி வைம்மா. வாரவங்க கையில குடுத்திருவோம்" என்றார் முதலாளி.

ஆங்கிலத்தில் இருந்த அத்தனை மெயிலையும் படித்து, இந்தப் பக்கம் ஆறு பாயிண்ட், அந்தப் பக்கம் ஆறு பாயிண்ட் என்று தமிழில் டைப் செய்தேன். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட.

முதலில் அதை வாங்கியவர் மேலப்பாளையத்து ஜவுளி வியாபாரி காதர் பாய். மகளுக்கு நாலு வயது. பேச்சு மட்டும் பழக்கும் பள்ளியா, சைகை சொல்லித்தரும் பள்ளியா என்று அந்த வாரத்துக்குள் அவர் முடிவு செய்தாக வேண்டும்.

"எல்லாம் சரிம்மா. இத யாரு சொல்லுதா? அவங்க பிள்ளைக்கு என்ன வயசு?"

"பேரு எதுக்கு பாய்? கருத்துதான முக்கியம்."

"ஒரு சேலை எடுக்கதுக்கே யாருகிட்ட எடுக்கோம்னு பாக்கோம். இது பிள்ளை விஷயம்லா?"

எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் அந்தக் கேள்வி அரித்துக்கொண்டே இருந்தது. மறுநாள் மெயில்களைத் திரும்பத் திறந்து, எழுதியவர் யார், பிள்ளைக்கு என்ன வயது, எதைச் செய்து பார்த்தார்கள் என்று நோட்டில் குறித்தேன். அதிகம் சத்தம் போட்டவர்களின் பிள்ளைகள் எல்லாம் மூன்று, நான்கு வயதுக்காரர்கள். வளர்ந்த பிள்ளை அவர்களில் யாருக்கும் இல்லை. ஈரோட்டிலிருந்து ஓர் அம்மா மட்டும் ஒரே வரி எழுதியிருந்தார்: "என் மகளுக்கு இருபது வயது. வேண்டுமானால் அவளிடமே கேளுங்கள்."

யாரும் அதற்குப் பதில் போடவில்லை. பதில் வராததால் நானும் என் சுருக்கத்தில் அதை விட்டுவிட்டிருந்தேன். வெட்கமாகப் போய்விட்டது. தாளை அன்றே மாற்றினேன். பாயிண்டுகளுக்கு முன்னால் ஆட்களைப் பற்றி எழுதினேன். யாரும் பதில் சொல்லாமல் விட்டவற்றைத் தனியாகப் போட்டேன். அந்தக் குழு இருந்த வரைக்கும் புதியவர்களுக்கு அப்படித்தான் கொடுத்தேன்.

பாய்க்காக, ஈரோட்டு அம்மா மூலம் அவர் மகளுக்கே எழுதிக் கேட்டேன். மூன்றாம் நாள் பதில் வந்தது.

"எனக்கு இரண்டும் தெரியும். கடையில், பஸ்ஸில் பேச்சு உதவுகிறது. சைகை தெரிந்த தோழிகளிடம்தான் மனம்விட்டுப் பேசுகிறேன். அப்பாவுக்குச் சைகை தெரியாது. சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதற்கு மேல் நாங்கள் பேசிக்கொண்டதில்லை."

நான் தமிழில் எடுத்துக் கொடுத்த தாளைப் பாய் இரண்டு தடவை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சைகைப் பள்ளிக்கூடத்துலயே சேத்திருதேன். அங்கன பெரிய ஆளுகளுக்கும் சொல்லிக் குடுப்பாங்களாம்மா? கொஞ்சம் கேட்டுச் சொல்லு."