தரை வக்கீல்

கறுப்புக் கோட்டைக் கழற்றி, உட்புறம் வெளியே தெரியும்படி மடித்து மடியில் வைத்துக்கொண்டு, குடும்ப நீதிமன்ற வராந்தாவின் வெறுந்தரையில் உட்கார்ந்துவிட்டார் வக்கீலம்மா. பக்கத்தில் பெஞ்சு காலியாகத்தான் கிடக்கிறது. பெஞ்சில் உட்கார்ந்தால் குழந்தையின் உச்சந்தலைதான் தெரியும், முகம் தெரியாது என்பது அவர் கட்சி. கறுப்பைக் கண்டால் பிள்ளைகள் வாய் திறக்காது என்பது இன்னொன்று. அந்தக் கோட்டின் மேல் அவருக்கு உயிர். தினமும் தானே இஸ்திரி போடுவார். ஜூனியர் பெண் வாங்கிக்கொள்ளக் கை நீட்டினால், "என் வீட்டுக்காரரை வேணா தூக்கிட்டுப் போ, இதைத் தொடாதே" என்பார்.

தரை வக்கீல் என்று மற்றவர்கள் வைத்த பெயர் அவர் காதுக்கும் வந்துவிட்டது. "நல்லதாப் போச்சு, கீழே விழுற பயமே இல்லை பாருங்க" என்று சிரித்துக்கொள்வார்.

வயது ஐம்பத்தெட்டு. காலையில் குடும்ப வழக்குகள், மதியம் சிறார் நீதிமன்றம். முப்பது வருஷமாக இதே பிழைப்பு. பெரியவர்களிடம் பொறுமை கிடையாது. கட்சிக்காரர் விசும்ப ஆரம்பித்தால், "அழுது முடிங்க, காத்திருக்கேன்" என்று கடிகாரத்தைப் பார்ப்பார். குழந்தை அழுதால் மட்டும் அவர் மூக்கும் சிவந்துவிடும்.

பல வருஷங்களுக்கு முன் ஒரு சமரச மனு எழுதினார். அண்ணன் அப்பாவோடு, தங்கை அம்மாவோடு. இரு தரப்புக்கும் பரம திருப்தி. நாலு வருஷம் கழித்து, சைக்கிள் திருடிய ஒரு பையனுக்காகச் சிறார் நீதிமன்றத்தில் ஆஜரானார். ஏன் எடுத்தாய் என்று கேட்டதற்கு, "தங்கச்சி வீட்டுக்கு பஸ் இல்லை" என்றான். அப்போதுதான் அந்த அண்ணனின் முகம் பிடிபட்டது. அவனை வழக்கிலிருந்து மீட்டுவிட்டார். தன்னை மன்னிக்கத்தான் இன்றுவரை மனசு வரவில்லை.

இன்றைக்கும் அப்படியொரு மனு. மூத்தவளுக்கு ஒன்பது வயது, அப்பாவோடு. சின்னவளுக்கு ஐந்து, அம்மாவோடு. நேற்றே பெற்றோர் பேசி முடித்துக் கையெழுத்தும் போட்டாகிவிட்டது. அம்மாவுக்காக வாதாடும் இவருடைய கையெழுத்து மட்டும் பாக்கி. அரைமணியில் நீதிபதி கூப்பிடுவார்.

அம்மாவா அப்பாவா என்று அவர் எந்தக் குழந்தையையும் கேட்பதில்லை. எதிரே தரையில் உட்கார்ந்திருந்த இருவரில் சின்னவளிடம்தான் முதலில் பேச்சுக் கொடுத்தார்.

"கெட்ட கனவு வந்தா யாரை எழுப்புவே, செல்லம்?"

சின்னவள் யோசிக்கவே இல்லை. அக்காவைக் கை காட்டினாள்.

"நீ?"

"நான் யாரையும் எழுப்ப மாட்டேன், ஆன்ட்டி. இவ கையைப் பிடிச்சுக்குவேன். இவளுக்குத் தெரியாது."

வக்கீலம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பெற்றோரை அழைத்துவரச் சொன்னார். கூடவே அப்பாவின் வக்கீலும் வந்தார்.

"முடிஞ்சதை ஏன் மேடம் கிளறுறீங்க? உங்க கையெழுத்து ஒண்ணுதானே?"

"போட மாட்டேன் சார். வேற வக்கீலை வெச்சுப் போட்டுக்கட்டும்." கட்சிக்காரியை நிமிர்ந்து பார்த்தார். "அம்மாடி, உங்க சண்டைக்குள்ள நான் வரலை. ஒரு வாரம் உன்கிட்ட, ஒரு வாரம் அவர்கிட்ட, எப்படி வேணா வெச்சுக்குங்க. ஆனா ரெண்டும் ஒண்ணாவே இருக்கட்டும். முதல்ல ரெண்டு பேரும் கீழே உட்காருங்க. பெரியவ இப்ப என்ன சொன்னான்னு அவ வாயாலேயே கேளுங்க."

அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அப்பா நின்றுகொண்டே இருந்தார். மடிப்புக் கலையாத வெளிர் பேண்ட். தரையில் காலையிலிருந்து நடந்த அத்தனை செருப்புகளின் புழுதி. பிள்ளைகள் இருவரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வக்கீலம்மா மடியிலிருந்த கோட்டை எடுத்து, ஒரு உதறு உதறி, அவருக்கு முன்னால் தரையில் விரித்தார்.