நப்லா டொக்டரின் சனிக்கிழமைகள்

தோப்பூரில் பிறந்து, கல்யாணமான பிறகு ஓர்ஸ் ஹில்லில் வாடகை வீடொன்றில் குடியிருந்த டொக்டர் நப்லாவுக்கு, நாற்பது வயதை நெருங்கும்போது மறுபடியும் படிக்கவேண்டும் என்ற எண்ணம் வந்தது. நிலாவெளிக்கு அப்பால், கடற்கரைப் பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரி ஒன்றில் அவளுக்கு வேலை. காலையில் ஓபிடியில் உட்கார்ந்தால் தலை நிமிர மத்தியானமாகிவிடும். காய்ச்சல்காரர், மீன்முள் குத்திக் கை வீங்கியவர், மூச்சு இழுத்துக்கொண்டு வருகிறவர், எல்லாரும் அவளிடம்தான். ஒருவரையாவது ஒழுங்காகப் பார்த்தோம் என்ற திருப்தியில்லாமல் வருஷங்கள் ஓடின. அந்தக் குறையில்தான் குடும்ப மருத்துவத்தில் பகுதிநேரப் பட்டப்பின் படிப்புக்குச் சேர்ந்தாள்.

வேலையை விடாமலே படிக்கலாம் என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். அது பொய்யில்லை. வெள்ளி இரவு ரயிலேறி, விடியக் கொழும்பில் இறங்கி, ஸ்டேஷனிலேயே முகம் கழுவிக்கொண்டு வகுப்புக்குப் போவாள். ஞாயிறு வீடு வந்து சேர்ந்தால் திங்கள் ஓபிடி. கணவன் றுவைஸ் கிண்ணியாவில் வாத்தியார். மகள் இன்ஷிராவுக்குத் தலை பின்னிவிடக்கூட அவன் பழகிவிட்டான். இன்ஷிராவுக்குக் காய்ச்சல் வந்த இரண்டு வாரம் நப்லா வகுப்புக்குப் போகவில்லை. இன்னொன்று தவறினால் இந்த முறை சோதனை எடுக்க ஏலாது என்று அங்கே சொல்லிவிட்டார்கள்.

வகுப்பில் விரிவுரையாளர் ஒரு விஷயத்தை அடிக்கடி சொல்லுவார். உடம்பு வருத்தத்தைக் கேட்பதோடு நில்லாமல், மனதில் என்ன பயம் என்றும் நோயாளியைக் கேளுங்கள் என்பார். நப்லாவுக்குத் தன் ஓபிடி வரிசை ஞாபகம் வரும். இந்த மனிதரை ஒரு திங்கட்கிழமை அங்கே கொண்டுபோய் உட்காரவைக்கவேண்டும் என்று நினைத்துக்கொள்வாள்.

ஆனாலும் ஒருநாள் கேட்டுவிட்டாள். இறக்கக்கண்டியிலிருந்து வரும் லைலாவுக்குப் பிரஷர். எவ்வளவு குளிசை கூட்டிக் கொடுத்தாலும் இறங்குவதாயில்லை. ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று கேட்டால், ஒவ்வொரு முறையும் ஓம் என்றுதான் பதில். அன்றைக்கு நப்லா பேனையை வைத்துவிட்டு, மனதில் ஏதும் பயம் இருக்கிறதா என்று கேட்டாள்.

லைலா கதிரையைக் கிட்ட இழுத்துக்கொண்டாள்.

“எனக்கில்ல டொக்டர், என்ட மனுசனுக்குத்தான். வலை இழுக்கக்குள்ள நெஞ்சடைக்கிதாம். ஆஸ்பத்திரிக்கு வரமாட்டனெண்டு நிக்கிறார். அதான் என்ட குளிசைல பாதிய அவருக்குக் குடுக்கிறன்.”

வெளியே வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். நப்லாவுக்குக் கோபம் வரவில்லை, உடம்பு முழுக்க ஒரு அசதிதான் வந்தது. குளிசையைப் பங்குபோடவேண்டாம், மனுசனை எப்படியாவது கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றாள். அவர் பெயர் அலியார். காலையில் தோணி கரைக்கு வரும் நேரம், விட்டுவிட்டு வர ஏலாது. கடலுக்குப் போகாத நாள் வெள்ளி ஒன்றுதான். ஜும்ஆ தொழுகை முடிந்ததும் கூட்டி வருகிறேன் என்று லைலா சொல்லிப் போனாள்.

அந்த வெள்ளி, நப்லா ரயிலுக்கான பையோடுதான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். வேலை முடிந்த பிறகும் காத்திருந்தாள். ஜும்ஆ முடிந்து வெகுநேரமாகியும் யாரையும் காணவில்லை. இனி வரமாட்டார்கள் என்று எழும்பும்போதுதான் ஓட்டோவிலிருந்து லைலாவோடு அலியார் இறங்கினார். கூட்டி வந்துவிட்டாளே என்ற கோபம் முகத்தில் தெரிந்தது. ஆனால் சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. ஈசிஜி எடுத்துப் பார்த்ததும் நப்லா வேறு எதையும் யோசிக்கவில்லை. முதல் மருந்துகளைக் கொடுத்து, பெரியாஸ்பத்திரிக்குச் சொல்லி, அம்புலன்ஸுக்கு ஆளனுப்பினாள். கடமையிலிருந்த டொக்டரால் ஆஸ்பத்திரியை விட்டு வர ஏலாது. அதனால் அவளே ஏறிக்கொண்டாள்.

வழிநெடுக அலியார் அவளுடைய கையை விடவில்லை. லைலா ஓதிக்கொண்டே வந்தாள். பெரியாஸ்பத்திரியில் அவரை ஒப்படைத்துவிட்டு வெளியே வந்தபோது ரயில் போய்விட்டிருந்தது.

கொழும்புக்கு பஸ் இருந்தது. பையோடு பஸ் ஸ்டாண்டுக்கும் போனாள். கொண்டக்டர் கூப்பிட்டுக்கொண்டிருந்தான், சீட்டும் இருந்தது. படியில் கால் வைக்கத்தான் அவளால் முடியவில்லை. பஸ் புறப்பட்டுப் போகும்வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, றுவைஸுக்குப் போன் எடுத்தாள்.

அவன் மோட்டார் சைக்கிளில் வந்து பையை வாங்கினான்.

“நோயாளியால ரயிலத் தவறவிட்டனெண்டுதான் எல்லாரும் சொல்லுவாங்க,” என்றாள் நப்லா. “பஸ் இருந்திச்சி. எனக்குத்தான் ஏலாமப் போச்சு.”

“சரி, ஏறு. வீட்ட போவம்,” என்றான் அவன்.

சனிக்கிழமை மத்தியானம் லுஹர் பாங்கு சொல்லும்வரை அடித்துப்போட்ட மாதிரித் தூங்கினாள். இன்ஷிரா இரண்டொரு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது பிறகுதான் தெரியும்.

அந்த வருஷச் சோதனையில் அவளை உட்காரவிடவில்லை. பொறுப்பாளர் மரியாதையாகத்தான் கதைத்தார், ஆனால் விதியை மாற்ற ஏலாது என்றார். அடுத்த வருஷம் எடுத்து, மட்டுமட்டாகப் பாஸானாள். அலியாருக்கு இரத்தக்குழாய் அடைப்பை எடுத்துவிட்டார்கள். திரும்பவும் கடலுக்குப் போகிறார். நினைத்த நேரம் குளிசை போடுகிறார், நினைத்த நேரம் விடுகிறார்.

ஓபிடி வரிசை குறையவில்லை. காலையில் வர ஏலாத கடல்காரருக்காக, வெள்ளி பின்னேரங்களில் நப்லா கொஞ்சநேரம் இருந்து பார்க்கிறாள். சில வெள்ளிகளில் அதுவும் ஏலாமல், நேரே வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுகிறாள்.