பௌர்ணமி பஸ்ஸும் என் சிவப்பு மையும்

எம்.எல்.ஏ. ஆபீஸ் வேலைக்குப் போகிற பிள்ளைகள் சில பேர் என்னைப் பார்க்க வருகிறார்கள். டிகிரி படித்திருக்கிறார்கள், கம்ப்யூட்டர் தெரிகிறது, என்னைவிட நன்றாகவே எழுதுகிறார்கள். "சார், உங்க எக்ஸ்பீரியன்ஸ் சொல்லுங்க" என்று கேட்கிறார்கள். பதினான்கு வருஷம் உதவியாளராக இருந்தவன், நல்லதாக நாலு விஷயம் சொல்லலாம். ஆனால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது ஒரு பஸ். அதுவும் வராத பஸ். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது.

எந்தத் தொகுதி, எந்தக் கட்சி என்று சொல்ல மாட்டேன். திருவண்ணாமலை மாவட்டம் என்பதோடு விட்டுவிடுங்கள். எந்தக் கட்சியாக இருந்தாலும் இது நடந்திருக்கும். என் கோபமே அதுதான்.

1. சிவப்புப் பேனா

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் அரை மணி நேரத்தில் தொழிலைக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனார்.

"மனு வந்துதா, லெட்டர்பேடுல ஒரு லெட்டர் அடி. அண்ணன்கிட்ட கையெழுத்து வாங்கு. டிபார்ட்மென்ட்டுக்கு அனுப்பு. ரிஜிஸ்டர்ல கடைசி கட்டத்துல செவப்பு மையில 'முடிந்தது'னு போடு. அவ்ளோதான்."

"வேலை முடிஞ்சாதானே சார் முடிந்தது?"

"நம்ம வேலை முடிஞ்சுதில்ல? அவங்க வேலை எப்ப முடியுதுனு பாத்துக்கினு இருந்தா நீ வீட்டுக்கே போக மாட்ட."

சொல்லிவிட்டு ஒரு சிவப்புப் பேனாவைக் கையில் கொடுத்தார். நானும் வாங்கிக்கொண்டேன். ரேஷன் கார்டு, பட்டா, முதியோர் பென்ஷன், கால்வாய் அடைப்பு, எது வந்தாலும் லெட்டர் போனதும் சிவப்பு மை. திருவண்ணாமலையை ஒட்டி இருக்கிற வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசுக்கு நானே கட்டாக எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வருவேன். துறையிலிருந்து பதில் வந்தால்? அதுதான் முடிந்துவிட்டதே. கவரைப் பிரிக்காமல் மற்ற கவர்களோடு கட்டாகக் கயிறு போட்டுப் பீரோவில் வைத்துவிடுவோம். இதை ஒரு ஒழுங்கு என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.

2. உங்கள் வீட்டுப் பிள்ளை

அண்ணன் என்றால் எம்.எல்.ஏ. என்னைவிட ஒன்பது வயது சின்னவர். ஆனால் கட்சியில் பதவிக்கு வந்துவிட்டால் பல் போன கிழவனும் 'அண்ணே' என்றுதான் கூப்பிட வேண்டும். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். அவர் என்னை 'மணி' என்பார்.

வாட்ஸ்அப் வந்த பிறகு அண்ணனுக்கு ஒரு ஆசை. மாதம் ஒரு தடவை தொகுதி மக்களிடம் குரலில் பேச வேண்டும். ஊருக்கு ஒரு குரூப் ஆரம்பித்தோம். நான் எழுதுவேன், அவர் பேசுவார். "என் தொகுதி மக்களே, உங்க வீட்டுப் பிள்ளை பேசறேன்" என்று ஆரம்பிப்பார். நல்ல குரல். ஏழு நிமிஷம் பேசினால் ஆறு நிமிஷம் கோட்டை சமாச்சாரம்: எதிர்க்கட்சி என்ன சொன்னது, நாம் என்ன பதிலடி கொடுத்தோம், டெல்லியிலிருந்து நிதி ஏன் வரவில்லை. கடைசி ஒரு நிமிஷம் தொகுதி.

ஜனங்களும் பதிலுக்கு வாய்ஸ் அனுப்புவார்கள். ஒருத்தர்கூட டெல்லியைப் பற்றிக் கேட்டதில்லை. தண்ணீர் டேங்க்கில் பாசி, நூறு நாள் வேலைக் கூலி ஏறவில்லை, பள்ளிக்கூடத்தில் டீச்சர் கம்மி. அத்தனையும் கேட்டவன் நான் ஒருத்தன்.

"எவ்ளோ பேர் கேட்டாங்க மணி?" என்று அண்ணன் கேட்பார்.

"நிறைய பேர் கேட்டாங்கண்ணே. பதிலும் ஜாஸ்தி வந்திருக்கு. ரெண்டு மூணு நீங்களே கேட்டா நல்லாருக்கும்."

"அதெல்லாம் நீ பாத்துக்கோ."

பேசுவதற்கு வாய் இருந்தது, கேட்பதற்குக் காது இல்லை. இதற்குப் பெயர் மக்கள் தொடர்பு.

அந்தப் பதில்களில் ஒன்று துளசி அனுப்பியது. எங்கள் தொகுதியில் ஒரு கிராமம், மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, அதிகம் போடுகிற ஊர். கழனி வேலைக்குப் போகிற பெண். புருஷன் ஏழுமலை கொத்தனாராக இருந்தவர், இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள் திருவண்ணாமலை பெரிய ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். காலை ஆறு மணி டவுன் பஸ்ஸைப் பிடித்தால்தான் அவருடைய முறைக்குப் போய்ச் சேர முடியும்.

"சார், பௌர்ணமினா எங்க ஊர் பஸ்ஸ நிறுத்திடறாங்க. கிரிவலத்துக்கு ஸ்பெஷல் விடணும்னு எடுத்துக்கினு போய்டறாங்க. சாமி கும்பிட வர்றவங்களுக்குப் பஸ் வேணும், நான் வேணாங்கல. ஆனா எங்க வீட்டுக்காரருக்கு ரத்தம் சுத்தம் பண்ற நாளும் பௌர்ணமியும் ஒண்ணா வந்தா முந்தின நாளே அவரக் கூட்டிக்கினு போயி வேங்கிக்கால்ல நாத்தனார் வூட்ல படுத்துக்கறோம். அவங்க வூட்ல எத்தினி வாட்டி போய் நிக்கறது? அந்த ஒரு காலை பஸ்ஸ மட்டும் விடச் சொல்லுங்க சார்."

அவள் கேட்டது ஒரே ஒரு நடை பஸ். நான் டெப்போவுக்கு லெட்டர் அடித்தேன், அண்ணன் கையெழுத்துப் போட்டார், அனுப்பினேன். ரிஜிஸ்டரில் சிவப்பு மையில் எழுதினேன்: முடிந்தது.

3. நாலு நல்ல சேதி

இரண்டு மூன்று மாதம் போனது. அந்த மாதப் பேச்சைப் பதிவு செய்ய அண்ணன் வந்து உட்கார்ந்தார். கட்சி மேலிடத்தில், எம்.எல்.ஏ.க்கள் செய்ததைச் சொல்லத் தெரியாமல் இருக்கிறார்கள் என்று திட்டு விழுந்திருக்கிறது போல.

"மணி, இந்த வாட்டி தொகுதிக்கு நாலு நல்ல சேதி வேணும். நாம முடிச்சதா பாத்து எடு."

ரிஜிஸ்டரை எடுத்துப் புரட்டினேன். ஒரு பக்கத்தில் சிவப்பாக இருந்தது: பௌர்ணமி தினத்தில் காலைப் பேருந்து, முடிந்தது. அடடே, இது நல்ல சேதியாயிற்றே என்று எடுத்து எழுதினேன். அந்தச் சொல்லுக்கு எங்கள் ஆபீஸில் என்ன அர்த்தம் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் யார்? நான் எழுதியதை நானே நம்பினேன். ஏட்டுச் சுரைக்காயை எடுத்து ஊருக்கே கறி வைத்துப் பரிமாறினேன். ஒரு போன் போட்டு டெப்போவில் கேட்டிருக்கலாம். இரண்டு நிமிஷ வேலை. செய்யவில்லை.

அண்ணன் பேசினார். பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்னால் அந்தக் குரல் எல்லா குரூப்புக்கும் போனது.

துளசி கேட்டாள், நம்பினாள். அந்த மாதம் பௌர்ணமியும் டயாலிசிஸ் நாளும் ஒன்றாக வந்தன. எம்.எல்.ஏ.வே சொல்லிவிட்டார் என்று முந்தின நாள் நாத்தனார் வீட்டுக்குப் போகவில்லை. விடியற்காலையில் புருஷனோடு ஸ்டாப்பிங்கில் நின்றாள். பஸ் வரவில்லை. ஒன்பது மணி வரைக்கும் நின்றிருக்கிறார்கள். அப்புறம் யாரோ பைக்கில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கிரிவலக் கூட்டத்துக்காக ரோட்டை மறித்திருந்த இடத்தில் போலீஸ் நிறுத்த, அங்கிருந்து அந்த மனுஷன் நடந்திருக்கிறார். போய்ச் சேர்ந்தபோது அவருடைய முறையும் அதற்கடுத்த முறையும் போய்விட்டிருந்தது. நாளைக்கு வரச் சொன்னார்கள். மறுநாள் உடம்பெல்லாம் நீர் கோத்து, மூச்சுவிட முடியாமல், அவசரப் பிரிவில் சேர்த்தார்கள். ஐந்து நாள் அங்கே இருந்தார்.

இது எதுவும் எங்களுக்குத் தெரியாது. அவள் அழுதுகொண்டே அனுப்பிய வாய்ஸும் என் போனில்தான் இருந்திருக்கிறது. அந்த வாரம் விழா வேலை ஜாஸ்தி என்று நான் எதையும் கேட்கவில்லை.

4. மைக்கில் வந்த குரல்

அந்த விழா அவளுடைய ஊரில்தான். சமுதாயக் கூடம் திறப்பு. அண்ணன் ரிப்பன் வெட்டி, பேசி முடித்து, நல்ல மூடில் இருந்தார். "யார்னா எதுனா கேக்கணும்னா கேளுங்க, நான் உங்க வீட்டுப் பிள்ளை" என்றார்.

ஒரு பெண் எழுந்து வந்தாள். மைக்கை வாங்கினாள். தன் போனை எடுத்து மைக்கோடு வைத்து அழுத்தினாள்.

"இனிமே பௌர்ணமி அன்னிக்கும் உங்க ஊர் காலை பஸ் நிக்காம ஓடும். பேசிட்டேன், முடிச்சிட்டேன்!" அண்ணனின் குரல் ஸ்பீக்கரில் ஊர் முழுக்கக் கேட்டது. அது நான் எழுதிய வாக்கியம். ஒரு எழுத்து மாறவில்லை.

"இது உங்க குரல்தானுங்களே?" என்று கேட்டாள். அப்போதுதான் அவள் துளசி என்று எனக்குப் புரிந்தது. நடந்ததை எல்லாம் சொன்னாள். கத்தவில்லை, ஏசவில்லை. ஸ்டாப்பிங்கில் நின்றது, நடந்தது, மூச்சு வாங்கியது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

அண்ணன் முகம் சுண்டிப்போனது. "எம்மா, குரல் என்னுதுதான். ஆபீஸ்ல எழுதிக் குடுத்தாங்க, நான் படிச்சேன். மணி, இன்னா இது?"

அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது. துளசி மட்டும் என் பக்கம் திரும்பவே இல்லை.

"அவரு எழுதினாரோ இவரு எழுதினாரோ, அது உங்க ஆபீஸ் சமாச்சாரம். நாங்க ஓட்டு போட்டது அவருக்கு இல்லீங்களே."

கூட்டத்தில் யாரோ கை தட்டினார்கள், நாலைந்து பேர் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் அங்கேயே டெப்போ மேனேஜருக்குப் போன் போட்டார். ஊர் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வேறு போட்டார். அதுதான் அவர் செய்த தப்பு.

"சார், உங்க லெட்டருக்கு அப்பவே பதில் அனுப்பிட்டோமே" என்றார் மேனேஜர். "பௌர்ணமிக்கு வண்டி பத்தலங்க, நீங்க மேல ஒரு வார்த்தை பேசினீங்கன்னா அந்த ஒரு நடை விட்டுடலாம்னு தெளிவா எழுதியிருந்தோம். நீங்க ஒண்ணும் சொல்லலியே சார்."

5. ஒட்டின கவர்

மறுநாள் பீரோவில் இருந்த கட்டைப் பிரித்தேன். கவர் இருந்தது. ஒட்டியது ஒட்டியபடி. மேலே பேசுங்கள் என்று ஒரு அதிகாரி தானாக வழிகாட்டி எழுதியிருக்கிறார், அதைப் பிரிக்க எங்களுக்குக் கை வரவில்லை. அந்தக் கட்டுக்குள் அதைப் போல இன்னும் எத்தனை பேருடைய பஸ் இருந்ததோ.

அண்ணன் வந்ததும் கவரை அவர் முன்னால் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை.

"அந்த வீடியோ எத்தினி குரூப்ல போயிருக்கு மணி?"

"அண்ணே, அந்தாளு ஆஸ்பத்திரியில கெடந்துட்டு வந்திருக்காரு."

"அது தெரியும்யா. இப்ப இன்னா சொல்லலாம்னு யோசி. டெக்னிக்கல் மிஸ்டேக்னு ஒரு வாய்ஸ் போட்டுரலாமா?"

எனக்கு அன்றைக்குத்தான் அவரிடம் முதல் தடவையாகக் குரல் உயர்ந்தது. "யாருக்குண்ணே காது குத்தறோம்? பஸ் ஓடும்னு பொய் சொன்னோம். தப்பு எம்பேர்லனு சொல்லுங்க, நான் வேணாங்கல. ஆனா மன்னிப்புனு ஒரு வார்த்தை உங்க வாய்ல வரணும்."

ஒரு நிமிஷப் பேச்சு எழுதிக் கொடுத்தேன். தப்பு நடந்தது, துளசி குடும்பத்திடம் மன்னிப்புக் கேட்கிறேன், இதுதான் சாரம். அவர் பேனாவை எடுத்து 'மன்னிப்பு' இருந்த வரியை அடித்தார். "சிறு குழப்பம் ஏற்பட்டுள்ளது, விரைவில் சரி செய்யப்படும்" என்று பேசி அனுப்பினார். வாய் சர்க்கரை, கை கருணைக்கிழங்கு என்பார்கள். இவர் விஷயத்தில் மன்னிப்புக் கேட்க அந்தச் சர்க்கரை வாய்கூட வரவில்லை.

மேலே பேசினார், அதையும் சொல்லிவிட வேண்டும். வீடியோ பயம். அடுத்த பௌர்ணமிக்கு அந்த ஊர் காலை பஸ் வந்தது.

6. நன்றி வீடியோ

அன்றைக்கு மத்தியானமே அண்ணன் கூப்பிட்டார். "மணி, நீயே நேர்ல போ. அந்தம்மாவ ஒரு நன்றி சொல்லச் சொல்லி வீடியோ எடுத்துக்கினு வா. சொன்னதைச் செய்தோம்னு போட்டுரலாம்."

போனேன். வீடியோ எடுக்க அல்ல. நான்தான் அதை எழுதியவன் என்று அவளிடம் சொல்ல வேண்டியிருந்தது. ஏழுமலை வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கையில் ஊசி போட்ட இடத்தில் பிளாஸ்திரி. துளசி நாற்காலி போட்டாள். நான் உட்காராமலேயே சொன்னேன், மன்னிப்புக் கேட்டேன். அண்ணன் எதற்கு அனுப்பினார் என்பதையும் மறைக்கவில்லை.

"நன்றியா?" என்றாள். "பஸ் எங்களுது சார். டிக்கெட் எடுத்துதான் ஏறுறோம்."

ஏழுமலை தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். நான் பையிலிருந்து ரிஜிஸ்டரை எடுத்தேன். அவள் மனு இருந்த பக்கத்தில் அந்தச் சிவப்பு எழுத்தை அவள் முன்னாலேயே அடித்தேன். "இன்னிக்கு பஸ் வந்துட்டுதில்லமா, இப்ப நெஜமாவே முடிந்ததுனு எழுதிக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"ஒரு வாட்டிதானே சார் வந்திருக்கு. அடுத்த பௌர்ணமிக்கும் வரட்டும். அப்புறம் பாக்கலாம்."

வெறுங்கையோடு திரும்பினேன். அண்ணன் முறைத்தார். அதற்குப் பிறகு நான் அந்த ஆபீஸில் இருந்த வரைக்கும் மனு கொடுத்தவருக்குப் போன் போட்டு, அவர் வாயால் 'ஆச்சு' என்று சொல்லாமல் கடைசிக் கட்டத்தில் எதுவும் எழுதியதில்லை. ரிஜிஸ்டர் பக்கம் பக்கமாகக் காலியாகக் கிடந்தது. "இன்னா மணி, ஒண்ணும் வேலையே நடக்கல போலிருக்கே" என்று அண்ணன் எரிச்சல்படுவார். "ஆமாண்ணே, நடக்கல" என்பேன். அந்த ஆபீஸில் நான் சொன்ன முழு உண்மை அதுதான்.

பிள்ளைகளே, உங்களுக்குச் சொல்ல எனக்கு இருப்பது இவ்வளவுதான். தலைவர் பேசுவதை எழுதிக் கொடுங்கள், அது சம்பளத்துக்கு வேலை. ஆனால் எழுதுவதற்கு முன்னால் அந்த ஊரில் ஒருத்தரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். நீங்கள் எழுதுகிற வரியை நம்பி யாரோ ஒருத்தர் நோயாளியைக் கூட்டிக்கொண்டு விடியற்காலையில் ரோட்டோரம் நிற்பார்.

நான் ஓய்வு பெற்றாயிற்று. அண்ணன் இன்னமும் வீட்டுப் பிள்ளையாகப் பேசிக்கொண்டிருக்கிறார். பௌர்ணமியும் டயாலிசிஸ் நாளும் ஒன்றாக வந்தால் காலை ஆறரை மணிக்கு நான் துளசிக்குப் போன் போடுவேன். சில மாதம் "ஏறிட்டோம் சார்" என்பாள், பின்னால் பஸ் சத்தம் கேட்கும்; சில மாதம் பஸ் வந்திருக்காது. போன பௌர்ணமிக்குப் போட்டபோது சத்தம் எதுவும் கேட்கவில்லை.

"நாத்தனார் வூட்லதான் இருக்கோம் சார்" என்றாள். "நேத்தே வந்துட்டோம்."