திரை விழுந்தபோது நான் பின்வாசலில் நின்றேன்

மூன்று கால் ஸ்டாண்டைத் தோளில் சாய்த்துக்கொண்டு செம்பூர்ப் பக்கத்துக் குடிசைகளுக்கு நடுவே நடந்தால், யாராவது ரேஷன் கார்டோடு ஓடிவருவார்கள். "ஸாப், பஹுத் ஸால் ஸே இதர் ஹை" என்று, பல வருஷமாக இங்கேயே குடியிருப்பதை என்னிடம் நிரூபிப்பார்கள். முனிசிபாலிட்டிக்கு நிலம் அளக்க வந்தவன் என்று நினைப்பு. போட்டோக்காரன் என்றால் நம்புவதில்லை. காமிராவை எடுத்துக் காட்டினால், குடிசையைப் படம் பிடித்துக்கொண்டு போய் இடிக்கப்போகிறேன் என்று இன்னும் பயப்படுகிறார்கள். திருநெல்வேலியில் இதே ஸ்டாண்டோடு தெருவில் இறங்கினால் பெண்கள் தலைமுடியைச் சரிசெய்துகொள்வார்கள். ஆனாலும் பம்பாயில் என்னைக் கண்டு பயப்படுகிறவர்கள் இவர்கள் மட்டும்தான் என்பதால், அந்தச் சந்துகளில் மட்டும் நான் கொஞ்சம் நிமிர்ந்து நடப்பதுண்டு.

அறுபத்தைந்தாம் வருஷக் கோடையில் அப்படி நிமிர்ந்து நடந்துதான் திலக் நகருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனேன். நமக்கு வைகாசி பிறந்து சில நாள் ஆகியிருந்தது. இவர்கள் பஞ்சாங்கத்தில் அதே வைசாகம் பாதிக்கு மேல் ஓடியிருந்தது. இந்த வித்தியாசத்தை அன்று காலையிலேயே டைரியில் குறித்துவைத்தேன். அதே கவனத்தைக் கல்யாணத்தில் வைத்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையிருந்திருக்காது. தாராவியில் என் ஸ்டூடியோவுக்கு ரயில் பாஸுக்காகப் படம் எடுக்க வந்த ஒரு மராத்தி மில் குமாஸ்தா, தன் மகள் சுமனின் கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார். மராத்திக்காரர் வீட்டில் எனக்கு அதுதான் முதல் கல்யாணம். மதராஸிகளைப் பற்றி ரயிலில் முணுமுணுப்பு எழத் தொடங்கியிருந்த காலம்; ஒரு மதராஸியை நம்பிப் பெண்ணின் கல்யாணத்தை ஒப்படைத்தது சாதாரணமில்லை.

சுமனின் தாயை எல்லாரும் ஆயி, அதாவது அம்மா, என்றார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். பந்தலுக்குள் நுழைந்ததும் அவர் என்னை ஓரமாக அழைத்து, "அஸ்லி டைம் கா ஃபோட்டோ மேரே கோ மாங்தா. மை உதர் நஹி ரஹேகி" என்றார். முக்கியமான நேரத்துப் படம் வேண்டும், அந்த நேரத்தில் தான் அங்கே இருக்கப்போவதில்லை என்று அர்த்தம். "ஃபிகர் மத் கரோ, ஆயி" என்று தைரியம் சொன்னேன். ஏன் இருக்கமாட்டார் என்று கேட்கவில்லை. சமையல் வேலை என்று நினைத்துக்கொண்டேன். எது முக்கியமான நேரம் என்பதையும் கேட்கவில்லை. தாலி கட்டும் நேரம் என்பது போட்டோக்காரனுக்குத் தெரியாதா?

ஊரில் என் தங்கை கல்யாணத்தை நினைத்துக்கொண்டேன். தாலி கட்டும் நேரத்தில் எங்கள் அம்மா மணவறையோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். "எக்கா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, படத்துல நீங்கதான் விழுதிய" என்று அந்த ஊர்ப் போட்டோக்காரர் கெஞ்சினார். "எம் மவ கல்யாணத்துல நான் எங்கலே தள்ளி நிக்கது?" என்றாள் அம்மா. இன்றைக்கும் அந்த ஆல்பத்தில் தாலி இருக்க வேண்டிய இடத்தில் அம்மாவின் முழங்கைதான் இருக்கிறது.

திலக் நகர்ப் பந்தல் கூரை நிழலில் இருட்டாக இருந்தது. ஃபிளாஷ் பல்பு ஒரு தடவை எரிந்தால் தீர்ந்தது. கைவசம் மிஞ்சியிருந்த ஒன்றைத் தாலிக்கென்று ஒதுக்கினேன். பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவே இருவர் ஒரு துணியைத் திரையாகப் பிடித்தார்கள். அந்தர்பாட் என்று அதற்குப் பெயர். புரோகிதர் பாட்டாகப் பாடி, ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் "ஸாவ்தான்" என்றார். எல்லாரும் அரிசி தூவினார்கள். ஸாவ்தான் என்றால் எச்சரிக்கை, கவனம். அத்தனை தடவை சொல்லியும் கவனமில்லாமல் இருந்தவன் அந்தப் பந்தலில் நான் ஒருவன்தான். நம் பக்கத்து ஊஞ்சல், மாலை மாற்றல் மாதிரி இதுவும் ஏதோ முன்சடங்கு, கெட்டிமேளம் கொட்ட நேரமிருக்கிறது என்று கணக்குப் போட்டு, தண்ணீர் குடிக்கப் பின்பக்கம் போனேன்.

அங்கே வெயிலில் ஆயி தனியாக உட்கார்ந்து துளசிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். மகள் கல்யாணத்தன்று செடிக்குத் தண்ணீர் ஊற்றும் தாயா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. வெளிச்சம் நன்றாக இருந்தது, பல்பு வேண்டாம், சும்மா காமிராவைக் கண்ணில் வைத்தேன். பந்தலில் கைதட்டலும் பேண்டும் ஒன்றாக வெடித்தன. ஆயியின் முகம் சுவர்ப்பக்கம் திரும்பியது. சொம்பு சாய்ந்தபடியே இருக்க, துளசித் தொட்டி நிறைந்து தண்ணீர் அவர் பாதத்தில் வழிந்தது. நான் பட்டனை அழுத்தினேன்.

"ஹோ கயா" என்றார் ஆயி, முடிந்துவிட்டது என்று.

"க்யா ஹோ கயா?"

"ஷாதி." கல்யாணம்!

ஓடினேன். திரை விழுந்து, மாலை மாற்றி, பாதிப் பேர் சாப்பாட்டுக்கு எழுந்திருந்தார்கள். அந்தத் திரை விழுவதுதான் இங்கே கல்யாணம். பெண்ணின் தாய் அதைப் பார்க்கக் கூடாது, அந்த நேரத்தில் துளசியடியில் இருக்க வேண்டும் என்பது அவர்கள் வீட்டு வழக்கம். இதையெல்லாம் சுமனின் அப்பா எனக்கு அப்போதுதான் விளக்கினார். திரையை இன்னொரு தடவை பிடிக்க முடியுமா என்று கேட்டேன். "ஏக் பார் கிரா தோ கிரா, பாயி" என்று சிரித்தார். விழுந்தது விழுந்ததுதான். கொஞ்ச நேரம் கழித்துத் தாலியும் கட்டினார்கள். யாரும் திரும்பிப் பார்க்காத அந்தத் தாலிக்கு என் கடைசிப் பல்பு அமோகமாக எரிந்தது.

படங்களைக் கழுவி எடுத்துக்கொண்டு மறுபடி திலக் நகர் போனபோது நிமிர்ந்து நடக்கவில்லை. சுமன் பிறந்த வீட்டுக்கு வந்திருந்தாள். ஆயி ஒவ்வொரு படமாகப் புரட்டினார், தேடினார், என்னைப் பார்த்தார். "வோ கிதர்?" அந்த நேரத்துப் படம் எங்கே என்று. நான் தரையைப் பார்த்தேன். அடியில் ஒளித்துவைத்திருந்த துளசிப் படத்தை அதற்குள் சுமன் உருவிவிட்டாள். "ஆயி, தூ?" நீயா என்று வியந்து, இது எப்போது எடுத்தது என்று என்னிடம் கேட்டாள். திரை விழுந்த அதே நேரம் என்றேன். அவள் படத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். பிறகு, திரை விழுந்ததும் தான் மாப்பிள்ளையைப் பார்க்காமல், ஆயி இருக்கமாட்டாள் என்று தெரிந்தும் கூட்டத்தில் ஆயியைத்தான் தேடியதாகச் சொன்னாள். படத்தைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"மேரா வாலா ரஹ் கயா" என்றார் ஆயி. தன்னுடையது கிடைக்கவே இல்லை என்று.

சுமன் எழுந்து, புடவைத் தலைப்பை இரண்டு கையாலும் தனக்கும் ஆயிக்கும் நடுவே விரித்துப் பிடித்தாள். "ஸாவ்தான்" என்று சொல்லிவிட்டுக் கையை விட்டாள். அவள் முகத்தை ஆயி பார்த்த பார்வையை நான் வர்ணிக்கப்போவதில்லை. அன்று நான் காமிரா கொண்டுபோயிருக்கவில்லை என்பதை மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன்.

அந்தக் குடும்பத்துச் சிபாரிசில் இப்போது எனக்கு மராத்திக் கல்யாணங்கள் நிறைய வருகின்றன. ஒரே காமிராவோடு பந்தலுக்கும் துளசிக்கும் நடுவே ஓடப் பழகிவிட்டேன். போன மாதம் தாராவியில் நம்மவர் வீட்டுக் கல்யாணம். மாப்பிள்ளை தாலியைக் கையில் வாங்கிவிட்டார், மேளம் உச்சத்துக்குப் போய்விட்டது. என் கால் தானாகப் பின்வாசலுக்குப் போயிருந்தது.

"ஏ போட்டோக்காரரே, தாலி இங்க கட்டுதாவ" என்று பெண்ணின் மாமா கத்தினார். "அங்க யாரவே தேடுதீரு?"

பெண்ணின் அம்மா மணவறையில்தான் இருந்தார், முழங்கையோடு. பின்பக்கத்தில் யாரும் இல்லை. இருந்தும், வாசற்படியில் நின்று இரண்டு பக்கமும் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் ஓடினேன்.