துண்டுப் பிரசுரத்தின் மறுபக்கம்

வாசகரே, இதற்கு நீங்களே சாட்சி. கடந்த ஆண்டு, கனகராயன்குளத்துக்கு அருகே எங்கள் ஊர்ப் பொதுமண்டபத்தில், 'குடும்பக் கட்டுப்பாட்டில் முதற்பொறுப்பு ஆணுக்கே' என்று வாதிட்டு வென்றவன் நான். ஆண்களுக்கான கருத்தடைச் சத்திரசிகிச்சை எத்துணை எளிது என்று விளக்கினேன்: மரத்துப்போக ஒரு விறைப்பூசி, கத்தியின்றி ஒரு சிறு துளை, விந்துக் குழாய்கள் இரண்டையும் வெட்டிக் கட்டுதல், அன்றே வீடு திரும்புதல். பின்னர் குரலைத் தாழ்த்தி, ஓர் இடைவெளி விட்டு முடித்தேன்: "அந்தக் கணமே கதவு அடைபட்டது. அதன் பின் வருவது பிள்ளையன்று, பொய்!" மண்டபம் அதிர்ந்தது.

அந்தப் பேச்சுக்கு ஆறாம் நாள் உச்சிவெயிலில், எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டு அக்கா எங்கள் வாசல் படலையில் வந்து நின்றார்.

"தம்பி, அண்ணை மூண்டு நாளாச் சாப்பிடேல்லை. என்ரை முகத்தைப் பாக்கிறாரில்லை. என்ன கதைக்கிறார் எண்டு ஒருக்கா வந்து கேள்."

நடக்கும்போதே சொன்னார்: அண்ணர், அவர் கணவர், அச்சிகிச்சை செய்து நான்கு மாதம். மூன்று நாட்களுக்கு முன் அக்காவுக்குக் கர்ப்பம் உறுதியானது, இரண்டரை மாதம்.

அவர்கள் வீட்டு வளவுக்குள் கால் வைத்ததும் என் குரல் கேட்டது. நான் வாய் திறக்கவில்லை. காற்றில்லை, காகம்கூட இல்லை. கிணற்றுக் கட்டில் குனிந்தபடி அண்ணர் உள்ளே நோக்கிப் பேசிக்கொண்டிருந்தார். "அந்தக் கணமே கதவு அடைபட்டது." நான் விட்ட அதே இடைவெளி. நான் உயர்த்திய அதே கை. "அதன் பின் வருவது பிள்ளையன்று; பொய்!"

பொய், என்றது கிணறு.

எங்கள் பகுதிக் குடும்பநல மாதுவை, அரச மருத்துவிச்சியை, கைபேசியில் அழைத்தேன். அவர் வரும்வரை, அண்ணர் உள்ளே பாய்ந்துவிடாதபடி, இடுப்புச் சாரத்தை இறுகப் பற்றியபடி நின்றேன். வந்தவர் முதலில் என்னைத்தான் கேட்டார்.

"நீர் எதைப் படிச்சுப்போட்டுப் பேசினீர்?"

சட்டைப்பையிலிருந்த துண்டுப் பிரசுரத்தை நீட்டினேன். முன்பக்கமெங்கும் என் சிவப்புக் கோடுகள்.

"மற்றப் பக்கம் திருப்பினீரோ, பேச்சாளர்?"

திருப்பியதில்லை.

அவர் அண்ணரிடம் சென்றார். "வெட்டின இடத்துக்கு அங்காலை முதலே வந்து நிண்ட விந்தணு குழாயிலை கிடக்கும், அண்ணை. அது போய்முடிய மூண்டு மாதமாகும். இந்தப் பிள்ளை தங்கினது அதுக்குள்ளைதான். அந்த மூண்டு மாதமும் வேறை பாதுகாப்பு வேணும். பிறகு விந்தைச் சோதிச்சு, அதிலை அணு ஒண்டுமில்லையெண்டு கண்டாத்தான் நம்பலாம். அதுக்குப் பிறகும் ஆருக்கேன் அருமையா, எப்பவோ ஒருக்கா, பிழைச்சுப்போகும். சோதனைக்கு வரச்சொன்னது, வந்தனீங்களோ?"

"இல்லை. வரேல்லை." அண்ணர் என்னைப் பார்த்தார். "தம்பி சொல்லேக்கை வடிவா இருந்துது. இவளை நம்பாமல் அதை நம்பிப்போட்டன்."

பின்னர், மூன்று நாட்களுக்குப் பிறகு, மனைவியின் முகத்தைப் பார்த்தார். அக்கா அவரைப் பார்க்கவில்லை. கிணற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சொல் அழகாயிருந்தால் அது உண்மையாகிவிடும் என்று அதுவரை நம்பியிருந்தேன். அந்தக் கிணற்றுக் கட்டிலேயே நின்று, கிணறும் கேட்கட்டுமென்று, உரக்கச் சொன்னேன்:

"அதே மண்டபத்திலை, அதே மைக்கிலை, நான் சொன்னது பிழையெண்டு சொல்லுவன். மற்றப் பக்கத்தை வாசிச்சுக் காட்டிப்போட்டுத்தான் இறங்குவன். உங்கடை பேர் வராது, அக்கா. என்ரை பேர் மட்டும் வரும்."