மாமனார் அவிழ்க்கவிடாத கட்டு

தாதி வேலை பயிலும் தோழிகளே, வகுப்பு வாசல் பலகையில் இதை ஒட்டும்போதும் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

நாளை கட்டுப் போடும் பரீட்சை. பழகிப் பார்க்க ஒரு கால் வேண்டும். வீட்டுக்காரர் பட்டாளத்தில். வீட்டில் இருப்பது மாமனார் மட்டும். அந்நிய ஆண்களைத் தொடும் வேலை என்று, நான் சேர்ந்ததிலிருந்து என்னோடு பேசாதவர்.

இன்று காலை துணிச்சுருளோடு தயங்கி நின்றேன். பார்த்தார். காலை நீட்டினார்.

முழங்கால் வரை சுற்றி முடித்தபோது பக்கத்து வீட்டு முனியம்மா எட்டிப் பார்த்தாள்.

"ஐயையோ, பெரியவரு கால ஒட்ச்சிகினாரே!"

அவள் போட்ட சத்தத்தில் குமணன்சாவடியே ரொட்டியும் ஆரஞ்சுமாக வந்து நின்றது.

உண்மையைச் சொல்ல நான் வாயெடுத்தேன். மாமனார் முந்திக்கொண்டார்.

"லேசா சுளுக்கு. எம் மருமவ கட்டிக்கீறா பாரு, வலியே தெர்ல. பெரியாஸ்பத்திரில கூட இப்டி கட்ட மாட்டாங்க."

முனியம்மா கட்டைத் தடவிப் பார்த்தாள். "எங்க ஊட்டுக்காருக்கும் கால்ல புண்ணு ஆறாம கீது. சாயங்காலம் வந்து பாக்கிறியாம்மா?"

யுத்த காலம்; கட்டுத் துணிக்கும் தட்டுப்பாடு. துணிச்சுருளைத் துவைத்து இன்றே சிஸ்டரம்மாவிடம் ஒப்படைக்க வேண்டும். அவிழ்க்கப் போனால் மாமனார் காலை இழுத்துக்கொள்கிறார். "இன்னும் நாலு பேரு பாக்க வருவாங்க. இருக்கட்டும்."

யாரிடமாவது உபரிச் சுருள் இருக்கிறதா? இல்லையென்றால், சுளுக்கே இல்லாத கால் குணமாக எத்தனை நாள் ஆகும் என்றாவது கீழே எழுதுங்கள்.