கடையில் வராத இரைச்சல்

ஆம்ப்ளிஃபயர் பழுதுபார்ப்பவனின் முதல் எதிரி, அவன் கடைக்குள் நுழைந்ததும் ஒழுங்காகிவிடும் ஆம்ப்ளிஃபயர்தான். ஆஸ்பத்திரி வாசலில் காய்ச்சல் இறங்கிப்போய் டாக்டர் முன் அசடு வழிந்தவர்களுக்கு இந்த வேதனை புரியும்.

சாது

சாந்தோம் ரூபன் பேஸ் கிட்டார் வாசிப்பவர். ஆம்ப்ளிஃபயர் 'உர்'ரென்று இரைகிறது என்று மயிலாப்பூரில் என் கடைக்குத் தூக்கிவந்தார். சனிக்கிழமை தி. நகரில் ஒரு கல்யாண ரிசப்ஷன். புதிய குழுவோடு முதல்முறை; பிடித்திருந்தால் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். பெட்டியைச் செருகினேன், இரைச்சலுக்குப் பேச்சுமூச்சில்லை. ஒயரை மாற்றினேன், தட்டினேன், பிரித்து மூடினேன். உட்காரவும் முடியவில்லை, திருப்பி அனுப்பவும் மனமில்லை. ரூபன் என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அண்ணே, உங்களைக் கண்டா பயப்படுது. பேசாம எங்க வீட்ல வந்து தங்கிடுங்க."

பிரிட்ஜ்

வீட்டுக்கே போனேன். அங்கே தாராளமாக இரைந்தது. ரூபன் வாசிக்கும் நாற்காலிக்குப் பின்னால் பிரிட்ஜ். அதன் மோட்டார் ஓடும்போதெல்லாம் கிட்டார் அதன் மின்சார இரைச்சலையும் ஆம்ப்ளிஃபயருக்கு வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தது. பிரிட்ஜை அணைத்தேன், நின்றது. அந்தப் பெருமையை அனுபவிப்பதற்குள் ரூபனின் அம்மா வந்து சுவிட்சைத் திரும்பப் போட்டார். நாற்காலியைத்தான் நகர்த்தினோம்.

"நாளைக்கு ஆக்கற கறி உள்ள இருக்குப்பா. நிறுத்தறதுன்னா அவன் பாட்டை நிறுத்து."

மேடை

சனிக்கிழமை மாலை ரூபன் போன் செய்தார். மண்டபத்தில் மறுபடி இரைச்சல், கம்பியைத் தொட்டால் ஷாக் வேறு. பேஸ் இல்லாமலே சமாளிக்கலாம் என்று குழுத் தலைவர் பேசத் தொடங்கிவிட்டாராம். பனகல் பார்க் நெரிசலில் ஆட்டோவை விட்டு இறங்கி ஓட்டமும் நடையுமாகப் போனேன். மேடையேறிக் கம்பியைத் தொட்டேன். ஒன்றுமில்லை. தலைவர் ரூபனைப் பார்த்த பார்வை எனக்கே வலித்தது. அதற்குள் மண்டப மேனேஜர், மேடையில் பிள்ளையார் இருக்கிறார், செருப்போடு நிற்கிறீர்களே என்று கடிந்துகொண்டார். ரப்பர் செருப்பைக் கழற்றினேன். பூ அலங்காரத்துக்காரர்கள் தெளித்த தண்ணீர் காலடியில் சில்லிட்டது. மறுபடி தொட்டதும் தோள்வரை வெட்டி இழுத்தது.

ஒயரைத் தொடர்ந்து மேடைக்குப் பின்னால் போனேன். மண்டப எலெக்ட்ரீஷியன், பிளக் இல்லாத ஒயரைத் தீக்குச்சிகளால் சாக்கெட்டில் முட்டுக்கொடுத்துச் சொருகியிருந்தார். எர்த் ஒயரை மடித்து டேப் சுற்றி ஓய்வு கொடுத்திருந்தார். எர்த் உள்ள சாக்கெட்டைத் தேடி, பிளக் மாட்டிச் செருகியதும் ஷாக்கும் போயிற்று, இரைச்சலும் போயிற்று. ரூபன் அப்போதும் வெறுங்காலோடுதான் வாசித்தார். முடிந்ததும் தலைவர் அவரிடம், அடுத்த கல்யாணம் பெசன்ட் நகரில், சீக்கிரம் வந்துவிடு என்று மட்டும் சொன்னார். எலெக்ட்ரீஷியனுக்குத்தான் என்மேல் மனத்தாங்கல்.

"எத்தினி கல்யாணம் இப்டியே ஓட்டிக்கினு கீறேன் நைனா. செருப்போட வாசிக்கிற ஆளா பார்த்து இட்டாராம, என்னிய சொல்றியே."

இப்போதெல்லாம் ஆம்ப்ளிஃபயரோடு யார் வந்தாலும், அது இரைந்தபோது காலில் என்ன போட்டிருந்தீர்கள் என்றுதான் முதலில் கேட்கிறேன். பாதிப் பேர் அத்தோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறு கடைக்குப் போய்விடுகிறார்கள்.